தஸ்தயேவ்ஸ்கியைப் பாத்திரமாக்கிய நாவல்கள்

ரஷ்ய நாவலாசிரியர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கியின் (1821–1881) சொந்த வாழ்க்கையைக் கதையாக்கிய நாவல்களில் மூன்று முக்கியமானவை: லியோனித் சிப்கினின் ‘பாடன்-பாடனில் கோடை’, பெரும்படவம் ஸ்ரீதரனின் மலையாள நாவல் ‘ஒரு சங்கீர்த்தனம் போலே’ (1993), ஜே.எம். கூட்ஸியின் ‘தி மாஸ்டர் ஆஃப் பீட்டர்ஸ்பர்க்’ (1994).

முதல் இரண்டுக்கும் ஊற்று தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னாதான். 1866 நவம்பர் 1-க்குள் புதிய நாவல் ஒன்றைத் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்குத் தஸ்தயேவ்ஸ்கி எழுதும் எதையும் பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கி காசு கொடுக்காமல் அச்சிடலாம். இப்படியொரு ஒப்பந்தத்தில் கடன்காரரான எழுத்தாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். கெடுவுக்கு ஒரு மாதமே இருந்தபோது, சுருக்கெழுத்து படித்த இருபது வயது அன்னா வேலைக்கு வந்தார். தஸ்தயேவ்ஸ்கி சொல்லச் சொல்ல அன்னா எழுத, 26 நாளில் ‘சூதாடி’ முடிந்தது. கெடு நாளில் பதிப்பாளர் ஊரிலேயே இல்லை. காவல் நிலையத்தில் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த பிப்ரவரியில் இருவருக்கும் திருமணம்.

பெரும்படவம் எடுத்துக்கொண்டது இந்த 26 நாட்களை. காதல் மெல்லக் கனிவதை உணர்ச்சி ததும்பச் சொல்லும் அந்நாவல் 1996-இல் வயலார் விருது பெற்றது, தமிழிலும் வந்திருக்கிறது.

கூட்ஸி வேறு வழியில் போனார். 1869-இல், இறந்துபோன வளர்ப்பு மகன் பாவெலின் மர்மத்தைத் தேடித் தஸ்தயேவ்ஸ்கி பீட்டர்ஸ்பர்க் வருவதாகக் கதை. உண்மையில் அந்த ஆண்டு அவர் ட்ரெஸ்டனில் இருந்தார். பாவெல் அவருக்குப் பின்னும் வாழ்ந்தவர். 1989-இல் கூட்ஸி தம் மகனைப் பறிகொடுத்திருந்தார் என்பதை அறிந்தால், வரலாற்றை அவர் ஏன் இப்படி வளைத்தார் என்பது விளங்கும்.

மூன்றில் தலையாயது சிப்கினுடையதே. மின்ஸ்கில் பிறந்த யூதரான அவர் (1926–1982), மாஸ்கோவில் போலியோ ஆராய்ச்சி நிறுவனமொன்றில் வேலை பார்த்த மருத்துவர். அன்னாவின் நாட்குறிப்பைப் படித்தபடி பனிக்காலத்தில் லெனின்கிராடுக்கு ரயிலில் போகிறார் கதைசொல்லி. அதே வாக்கியத்துக்குள், தஸ்தயேவ்ஸ்கி தம்பதி தங்கியிருந்த 1867-ஆம் ஆண்டின் ஜெர்மன் நகரம் பாடன்-பாடன் புகுந்துவிடுகிறது. சூதாட்டத்தில் தோற்றுத் திரும்பும் கணவர் கர்ப்பிணி மனைவியின் காலில் விழுந்து அழுகிறார். கல்யாண மோதிரமும் காதணியும் அடகுக்குப் போகின்றன. மிச்சமிருக்கும் நாணயங்களையும் அன்னா எடுத்துக் கொடுக்கிறார், மறுபடி ஆடுவதற்கு! வாக்கியங்கள் பக்கக் கணக்கில் நீள்வதால் வாசகருக்கும் அந்த மூச்சிரைப்பு தொற்றிக்கொள்கிறது. துயரப்படும் மனிதர்கள் எல்லாருக்காகவும் உருகிய இந்த மேதை யூதர்களை மட்டும் ஏன் வெறுத்தார், அவரை என்னால் ஏன் நேசிக்காமல் இருக்க முடியவில்லை என்று சிப்கின் கேட்கும் இடம்தான் நாவலின் உயிர்நிலை. மேதையைப் புனிதராக்காமலும், குறைகளைச் சொல்லிக் கீழே தள்ளாமலும் எழுதிய நேர்மை அது.

1977-இல் மகன் அமெரிக்கா சென்றதும் சிப்கினின் பதவியும் சம்பளமும் குறைக்கப்பட்டன. வெளியேற அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. 1977 முதல் 1980 வரை எழுதிய இந்நாவலைச் சோவியத் நாட்டில் அச்சிட வழியில்லை. நண்பர் ஒருவர் 1981-இல் பிரதியை வெளியே கொண்டுபோனார். 1982 மார்ச் 13-இல் நியூயார்க்கின் ரஷ்யமொழி வார இதழ் ஒன்றில் தொடர் ஆரம்பமானது. ஒரு வாரத்தில், தம் 56-ஆவது பிறந்த நாளன்று, சிப்கின் மாரடைப்பால் இறந்தார். லண்டன் பழைய புத்தகக் கடையொன்றில் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தற்செயலாகக் கண்டெடுத்த அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் முன்னுரை எழுதியபின், 2001-இல் வந்த மறுபதிப்புதான் இந்நாவலை உலகுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது.