கல்லுப்பும் கர்ப்பிணியின் ஈறும்

மரக்காணத்து உப்பளங்களில் வாரிக் குவித்த கல்லுப்பைப் பொடித்து ஈறில் தேய்ப்பதும், வாய் புண்ணானால் வெந்நீரில் கரைத்துக் கொப்பளிப்பதும், குயிலாப்பாளையம் முதலிய இக்கரையோர ஊர்களில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கைவந்த வைத்தியம். ஆயினும், மாதம் ஏற ஏறத் துப்பும் நீர் சிவந்து வருவதைச் சூடு என்று விட்டுவிடுவதும், பிரசவமாகும்வரை பல்லில் கை வைக்கலாகாது என்று மூத்தவர்கள் தடுப்பதும் அதே வீடுகளின் வழக்கந்தான்.

கர்ப்ப காலத்துச் சுரப்புகளால் ஈறு வீங்கிக் கசிவது பெரும்பாலான ஸ்திரீகளுக்குப் பேறுக்குப் பின் தணிந்துவிடும் சிறு உபத்திரவமே. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் ஜுரத்தால் மூட்டுகள் வீங்கி ஆறியபோதே, அவளறியாமல் மைட்ரல் வால்வு தழும்பேறிச் சுருங்கிப்போன பெண்ணுக்கோ, ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடும் அந்த மாதங்களில், படுத்தால் மூச்சு முட்டும்போதுதான் வியாதி முதன்முதலாக வெளிப்படுகிறது. அவள் ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி அந்தத் தழும்பில் பற்றிக்கொண்டால், தாய், சேய் இருவருக்குமே பிராணாபாயம்.

பழுதுற்ற வால்விலேயே, கிருமியால் வரும் இந்த இருதய உள்ளுறை அழற்சி பெரும்பாலும் பற்றுகிறது என்பதை 1885-இல் லண்டன் சொற்பொழிவுகளில் வில்லியம் ஆஸ்லர் விளக்கினார். ஓக்கெல், எலியட் என்னும் இருவர், பல் பிடுங்கிய 138 பேரின் ரத்தத்தைச் சோதித்து, பத்தில் ஆறு பேரிடம் கிருமி இருந்ததையும், ஈறு கெட்டவர்களிடம் அது மிகுந்திருந்ததையும் 1935-இல் வெளியிட்டனர். 1955-இல் அமெரிக்க இருதயச் சங்கம், இத்தகைய வால்வு உள்ளவர்களுக்குப் பல் சிகிச்சைக்கு முன் பென்சிலின் கொடுக்கப் பரிந்துரைத்தது.

இக்கரைக்கு அந்த அறிவு வந்த வழி வேறு. பிரெஞ்சுக்காரர் 1823-இல் புதுச்சேரியில் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வாரிசாக 1964-இல் ஜிப்மர் மருத்துவமனை எழுந்து, காலப்போக்கில் இருதய சிகிச்சையும் பிரசவ சிகிச்சையும் ஒரே வளாகத்தில் ஏழைகளுக்குக் கிட்டின. 1968-இல் குயிலாப்பாளையத்தை அடுத்துத் தோன்றிய ஆரோவிலின் பல் மருத்துவ நிலையம், சுற்றுக் கிராமத்துப் பெண்களையே பல் சிகிச்சை அளிக்கப் பழக்கியது. என் மனத்துக்கு இதுவே பெரிதாகப் படுகிறது, ஏனெனில் அந்நியர் முன் வாய் திறக்கக் கூசுகிறவள் தன் ஊர்ப் பெண்ணிடம் தயங்க மாட்டாள்.

2007-இல் அமெரிக்க இருதயச் சங்கம், செயற்கை வால்வு பொருத்தியவர், அவ்வழற்சியை முன்பே கண்டவர் போன்ற சிலருக்கே பல் சிகிச்சைக்கு முந்தைய அந்த மருந்து போதும் என்று மாற்றிக்கொண்டது. மெல்லும்போதும் துலக்கும்போதுமே கிருமி அன்றாடம் ரத்தத்தில் கலப்பதால், தினமும் ஈறைச் சுத்தமாகக் காப்பதே பிரதானம் என்றாயிற்று. கல்லுப்பு நீருக்கு அதில் ஓரிடம் உண்டு. செங்கல் தூளுக்கும் அடுப்புக்கரிக்கும் இல்லை. இறுகிய பற்காறையை உப்பு கரைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அதைக் கர்ப்பத்தின் நடுமாதங்களில் அச்சமின்றிச் செய்துகொள்ளலாம். மாதாந்தரப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருத்தியிடமும், "துப்பினா ரத்தம் வருதாம்மா, சின்ன வயசுல மூட்டு வீங்கிச்சா?" என்னும் இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் கேட்கப்பட வேண்டும்.