7 கிலோ ரோடு பைக் கட்டப் போறீங்களா? புதுச்சேரி காத்துக்கும் உப்புக்கும் ஏத்த மாதிரி கட்டுங்க!

'பைக்' என்றால் நம்ம ஊரில் பெட்ரோல் போடுகிற வண்டிதான். ஆனால், விடியற்காலையில் காலாப்பட்டு தாண்டி ஈ.சி.ஆரில் ஹெல்மெட்டோடு குனிந்து மிதித்துப் போகிறவர்களிடம் பைக் என்றால் அது சைக்கிள். கீழே வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், இரண்டு விரலில் தூக்கிவிடலாம் போன்ற எடை. அதுதான் ரோடு பைக். கடையில் ரெடிமேடாக வாங்காமல் ஃப்ரேம் தனியாக, வீல் தனியாக, கியர் தனியாகத் தேர்ந்தெடுத்துக் கட்டினால் கஸ்டம் பைக். செலவு லட்சங்களில் போகும். அவ்வளவு பணம் போடுவதற்கு முன்னால், நீங்கள் ஓட்டப்போகும் ஊர் எப்படிப்பட்டது என்று ஒருமுறை யோசிச்சுப் பாருங்க.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மலையில் அது உண்மை. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 83 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரி ஒரு ஏற்றத்தை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறீர்கள். சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால், அதே உழைப்பில் முக்கால் நிமிடம் முன்னதாக மேலே போய்ச் சேர்வீர்கள். பந்தயத்தில் அது பெரிய விஷயம்.

புதுச்சேரியிலோ மலையே இல்லை. சமதளத்தில் 35 கி.மீ வேகத்தில் போகும்போது உங்கள் சக்தியில் பெரும்பகுதியைச் சாப்பிடுவது காற்று. அந்த வேகத்துக்கு 200 வாட்டுக்கு மேல் மிதிக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு கிலோ எடைக் குறைப்பு மிச்சப்படுத்துவது அரை வாட் கூட இருக்காது. அந்த ஒரு கிலோவைக் குறைக்க சில சமயம் ஒரு லட்சத்துக்கு மேல் செலவாகும். கணக்கு நீங்களே போட்டுக்கோங்க!

அப்படியானால் லைட்வெயிட் பைக்கே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். லேசான வண்டி சிக்னலில் கிளம்பும்போதே கையில் தெரியும், ஓட்ட ஆசையாக இருக்கும், மாடிப்படியில் தூக்கிப் போகலாம். ஆனால் எந்த இடத்தில் எடையைக் குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பரீட்சை

இந்தக் கேள்விக்கு 90 வருடத்துக்கு முன்பே ஒரு நல்ல பதில் கிடைத்தது. அதுவும் அப்போது புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த பிரான்சில். 1930-களிலும் 40-களிலும் அங்கே 'கொன்கூர் தெ மஷின்' என்று போட்டி நடத்தினார்கள். போட்டி ஓட்டுபவருக்கு இல்லை, சைக்கிளுக்கு. மட்கார்டு, விளக்கு, சாமான் கேரியர் எல்லாம் இருக்க வேண்டும். எடை குறைந்தால் புள்ளி கூடும். அப்புறம் கரடுமுரடான மலைச்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும். வழியில் ஏதாவது உடைந்தால், ஆடினால், கழன்றால் புள்ளி போச்சு. 1946-ல் பாரிஸ் பக்கம் இருந்த அலெக்ஸ் சிங்கர் பட்டறை இந்தப் போட்டிக்குக் கட்டிய சைக்கிள், மட்கார்டு, விளக்கோடு சேர்த்தே சுமார் 7 கிலோதான். கார்பன் எல்லாம் கிடையாது. மெல்லிய ஸ்டீல் குழாயும், அலுமினியமும், அரத்தை வைத்து ராவி ராவிக் குறைத்த பாகங்களும்தான்.

இன்றைக்கு உலகப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று யு.சி.ஐ அமைப்பு 2000-ல் விதி கொண்டுவந்தது. பாதுகாப்புக்காகத்தான். உங்களுக்கும் எனக்கும் அந்த விதி பொருந்தாது. ஆனால் 'உடையாமல் வீடு வந்து சேர வேண்டும்' என்கிற பழைய பிரெஞ்சு விதி கட்டாயம் பொருந்தும்.

முதல் செலவு, ஒரு இன்ச் டேப்

ஃப்ரேம் நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் உடம்பை அளந்துவிடுங்கள். சுவரோரம் செருப்பில்லாமல் நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காருவது போல அழுத்தி வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் அச்சு சுற்றும் மையத்தில் இருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். கால் அளவு 80 செ.மீ என்றால் சீட் உயரம் 70.6 செ.மீ. இது ஆரம்பப் புள்ளிதான், பிறகு ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம்.

அடுத்து கம்பெனிகள் தரும் அட்டவணையில் 'ஸ்டாக்', 'ரீச்' என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது ஹேண்டில் எவ்வளவு உயரத்தில் வரும் என்பது, இரண்டாவது எவ்வளவு தூரத்தில் வரும் என்பது. தொழில்முறை ரேஸர் மாதிரி தாழ்வான ஃப்ரேம் வாங்கிவிட்டு, கழுத்து வலியோடு 30 கி.மீட்டரில் திரும்பி வருவதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதே இல்லை. உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் 8 கிலோ சைக்கிள், பொருந்தாத 6.8 கிலோ சைக்கிளைவிட வேகமாகவே போகும். குனிந்து நீண்ட நேரம் இருக்க முடிவதுதான் காற்றை வெல்லும் வழி.

கார்பனா, டைட்டானியமா, ஸ்டீலா?

நல்ல கார்பன் ஃப்ரேம் 800, 900 கிராமில் கிடைக்கும். அலுமினியம் 1,100-லிருந்து 1,300 வரை. டைட்டானியம் சுமார் 1,400. உயர்தர ஸ்டீல் 1,700-ஐ ஒட்டி வரும். ஸ்டீல் என்றால் பழசு என்று நினைக்காதீர்கள். 1935-ல் வந்த ரேனால்ட்ஸ் 531 குழாய் பல பத்தாண்டுகளுக்குப் பந்தய உலகையே ஆண்டது. இன்னொரு சேதி: அந்த ரேனால்ட்ஸை வைத்திருந்த இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1949-ல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து டி.ஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. நம்ம அம்பத்தூர் ஹெர்குலிஸுக்கு அவ்வளவு பெரிய சொந்தக்காரர்கள்.

புதுச்சேரிக்கு என் ஓட்டு டைட்டானியத்துக்கு. காரணம், உப்பு. வடக்கே சுமார் 35 கி.மீ மிதித்தால் மரக்காணம் உப்பளங்கள். சாலை முழுக்கக் கடல் காற்று. அதோடு உங்கள் வியர்வை வேறு, அதுவும் உப்புதான். டைட்டானியத்தை இது எதுவும் செய்யாது. பெயின்ட்கூட வேண்டாம். ஸ்டீல் என்றால் குழாயின் உள்பக்கம் துரு தடுக்கும் எண்ணெய் பூசித்தான் கட்ட வேண்டும்.

கார்பன் துருப்பிடிக்காதே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் பக்கத்தில் இருப்பவனைக் கெடுத்துவிடும். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். அதை ஒட்டி அலுமினியம் இருந்து, நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி உருவாகும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அதனால்தான் கார்பன் ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட் போஸ்ட் போட்டால் சில மாதத்தில் கழற்ற முடியாமல் இறுகிப்போகிறது. கார்பன் ரிம்மில் அலுமினிய ஸ்போக் நிப்பிள் போட்டால் ஒருநாள் 'டிக்' என்று ஒவ்வொன்றாக உடையும். பித்தளை நிப்பிள் கேட்டு வாங்குங்கள். ஒரு ஜோடி வீலுக்கு 30 கிராம் போல கூடும், பரவாயில்லை. போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் அல்லது டைட்டானியம். பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட், அழுத்திச் செருகும் வகையாக இல்லாமல் மரை உள்ளதாக இருந்தால், மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து கிரீஸ் வைப்பது சுலபம்.

காசை எங்கே போடுவது?

வீலிலும் டயரிலும். காற்றைக் கிழிக்க 50 மி.மீ ஆழமுள்ள ரிம் நல்லதுதான். ஆனால் சென்னையைப் பார்த்துப் போகும்போது வலது பக்கம் முழுக்கக் கடல். மதியத்துக்கு மேல் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். கூடவே ஒரு ஆம்னி பஸ் கடந்து போனால் முன் சக்கரம் ஒரு உதறு உதறும். 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் 35, 40 மி.மீ ரிம்மோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டயர் 28 அல்லது 30 மி.மீ. ஒல்லி டயர்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. நம் சாலைகளில் அகலமான டயரைக் கொஞ்சம் காற்று குறைவாக வைத்தால்தான் குலுக்கலில் சக்தி வீணாகாது.

மலிவான எடைக் குறைப்பு ஒன்று சொல்லவா? ட்யூப். சாதாரண ரப்பர் ட்யூப் ஒன்று 100 கிராமுக்கு மேல். டி.பி.யு ட்யூப் 40 கிராம். ஒரு ஜோடி மாற்றினால் 120 கிராமுக்கு மேல் குறையும். அதே 120 கிராமை கியரில் குறைக்கப் பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள்.

கியர் செட்டில் ஷிமானோ 105 போதும் என்பேன். அதன் மேல் வகையான டியூரா ஏஸுக்கும் இதற்கும் சுமார் அரை கிலோ வித்தியாசம். விலையோ இரண்டு மடங்கைத் தாண்டும்.

மொத்தம் கூட்டிப் பார்ப்போமா? டைட்டானியம் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஹெட்செட் சேர்த்து 1,900 கிராம். 105 கியர், டிஸ்க் பிரேக்கோடு 2,950. வீல் 1,450. டயர், ட்யூப் 600. சீட், சீட் போஸ்ட், ஹேண்டில், ஸ்டெம், டேப் 810. பெடல், பாட்டில் கூடு, அச்சுகள் 390. ஆக 8.1 கிலோ. கார்பன் ஃப்ரேம் போட்டால் ஏழரை. டியூரா ஏஸும் போட்டால் 7 கிலோ. அந்தக் கடைசி ஒரு கிலோ தேவையா என்பது நீங்கள் மாதம் எத்தனை முறை ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பி.ஆர்.எம் மாதிரி 200 கி.மீ-ஐ 13.5 மணி நேரத்தில் முடிக்கும் சவால்தான் ஆசை என்றால், அந்தப் பணத்தில் நல்ல விளக்கும் நல்ல சீட்டும் வாங்கலாம். அந்த சவாலும் பாரிஸில் இருக்கும் ஒரு கிளப் வகுத்த விதிப்படி நடப்பதுதான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெரிய பிராண்டின் ஸ்டிக்கரோடு, கால்வாசி விலையில் ஆன்லைனில் வரும் கார்பன் ஃப்ரேம், ஃபோர்க், ஹேண்டில்பாரைத் தொடவே தொடாதீர்கள். கார்பன் வளைந்து எச்சரிக்காது, திடீரென முறியும். 40 கி.மீ வேகத்தில் ஃபோர்க் முறிந்தால் முதலில் தரையைத் தொடுவது உங்கள் முகம். ஐ.எஸ்.ஓ 4210 பரிசோதனைச் சான்று இருக்கிறதா, பில்லும் வாரன்டியும் வருமா என்று கேளுங்கள். பட்ஜெட் போடும்போது வரியையும் சேருங்கள். இறக்குமதியாகும் முழு சைக்கிளுக்கான சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 30-ல் இருந்து 35 சதவிகிதமாக ஏறியது. ஜி.எஸ்.டி அதற்கு மேல்.

கட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் பாகத்தில் கை வைக்கக் கூடாது. ஸ்டெம், சீட் போஸ்ட் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் அளவு. பாகத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். 'இன்னும் ஒரு திருகு' என்று கை பழக்கத்தில் முறுக்கினால் உள்ளே விரிசல் விடும். கார்பன் சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் வேண்டாம், அதற்கென்று சொரசொரப்பான பேஸ்ட் இருக்கிறது. முதல் 100 கி.மீ ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை அளவு பார்த்துவிடுங்கள். அதன் பிறகு, கடலோரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, செயினைக் காயவிட்டு எண்ணெய் போடுங்க. ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில் இறங்கிவிட்டு வந்தால் பிரேக் பேடையும் பாருங்க, அந்தத் தூள் உப்புக்காகிதம் மாதிரி தேய்த்துவிடும்.