ஓநாய் இல்லாத ஓநாய்ப் பள்ளத்தாக்கு

ஓநாயே இல்லாத தீவில் ஓநாயின் பெயரால் ஒரு தேவாலயம் இருக்கிறது. சென்ற வாரம் கொட்டாஞ்சேனையில் மரபு நடை சென்றோம். வழிகாட்டி எங்களை முதலில் நிறுத்திய இடம் வொல்வெண்டால் மேடு. கோட்டைக்கு வெளியே புதர் மண்டிக் கிடந்த இந்நிலத்தில் ஊளையிட்ட நரிகளை ஒல்லாந்தர் ஓநாய்களெனக் கருதினராம். பெயரும் அவ்வாறே நிலைத்துவிட்டது. ஆலயப்பணி 1749 இல் தொடங்கி 1757 இல் நிறைவுற்றது. சுவரின் தடிப்பு ஏறக்குறைய ஐந்தடி!

அடுத்தது புனித லூசியா பேராலயம். குவிமாடத்தைப் புகழ்ந்த வழிகாட்டி 1883 பற்றி வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, மீகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் இப்பகுதியில் தாக்கப்பட்டது. நீதி கிடைக்கவில்லை என்ற மனக்குறையுடன் கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்றார். 1885 இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. ஒரு தெருக்கலவரம் நாட்காட்டியையே மாற்றிய கதை இது; இதைச் சொல்லாமல் குவிமாடத்தை மட்டும் காட்டுவது என்ன வரலாறு?

நடை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் முடிந்தது. 2019 ஏப்ரல் 21 இல் குண்டு வெடித்த ஆலயம். அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறுதான். அன்று மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நின்றோரில் திருநீறு அணிந்தவர்களும் இருந்தனர்.