பாரம் நிரப்பியவர்கள்

சில வருடங்களுக்கு முன் புக்கிட் ரோத்தான் பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து, அடையாளப் பத்திரச் சிக்கல் உள்ளவர்களின் விவரங்களைத் திரட்டினோம். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் இணையப் பாரம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. பெயர், அப்பா பெயர், பிறந்த தோட்டம், பிரசவம் பார்த்தது யார், கடைசியாக எப்போது விண்ணப்பித்தார் என்று மொத்தம் 31 கட்டங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் தட்டிக்கொண்டே வந்தேன். அரைமணி நேரம் ஆனது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். தொலைபேசி எண்ணுக்கு நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. மற்ற 30 கட்டங்களும் காலி.

பாட்டி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு இது பழக்கம்தான்யா. மொதல்ல இருந்து சொல்றேன், எழுது."

தவறு என்னுடையது. அன்றிரவே சரிசெய்துவிட்டேன், பத்து நிமிட வேலை. ஆனால் அந்த 'பழக்கம்தான்' என்ற சொல் இன்னும் என்னை விடவில்லை. வடசிலாங்கூர் தோட்டங்களில் பிறந்த என்னைப் போன்றவர்களின் வரலாற்றை, நிரப்பிய பாரங்களின் வரலாறாகவும் எழுதலாம் என்று அன்றுதான் தோன்றியது.

முதலில் அந்தப் பத்து நிமிட வேலையைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தின் அடிப்படை நெறியான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் அதற்கு முதல் சந்திப்புதான். ஆங்கிலத்தில் இந்தத் தன்மையை 'ஸ்டேட்லெஸ்' என்பார்கள். நாடற்றவர்களுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இந்த மறதியைச் சமாளிக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுலி 'குக்கி'யைக் கொண்டுவந்தார். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பியின் தொடக்க வடிவத்துக்கு 'ஃபார்ம்ஸ் இன்டர்பிரட்டர்', அதாவது பாரங்களைப் புரிந்துகொள்வது, என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாரத்தில் பிழை இருந்தால், வந்த மதிப்புகளை எடுத்து அந்தந்தக் கட்டத்தில் திரும்ப அச்சிட்டு அனுப்ப வேண்டும். இது தானாக நடக்காது. பாரத்தை வாங்குகிறவன் எழுதிவைத்தால்தான் நடக்கும். நிரப்புகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஞாபகம் வைத்திருக்கும் பொறுப்பு வாங்குகிறவனுடையது.

எங்கள் ஆட்கள் நிரப்பிய முதல் பாரம் இந்த மண்ணில் எழுதப்பட்டதே இல்லை. கங்காணியோடு கிளம்பியவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் பெயர், அப்பா பெயர், சாதி, ஊர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. இங்கே வந்ததும் தோட்டத்துக் கிராணியின் செக்ரோல். பெரட்டுக்கு வந்தவர், வராதவர், எத்தனை ராத்தல் பால். ஆள் யார் என்பதைவிட அன்றைக்கு வேலைக்கு வந்தாரா என்பதுதான் அந்தப் புத்தகத்துக்கு வேண்டும்.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பதிவு செய்யும் வேலை தொடங்கியது. புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை தரப்பட்டது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து ஊர்மக்களைப் பிரித்தறிவதுதான் நோக்கம். அதனால்தான் அவர்களும் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். என் தாத்தா தன் அட்டையைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாராம். தன்னை இந்த நாட்டுக்காரன் என்று சொல்லும் தாள் அது என்று நம்பினார். ஆனால் அந்த அட்டை குடியுரிமைக்குச் சான்றல்ல. தாத்தாவின் முகத்தையும் ரேகையையும் அரசு வாங்கி வைத்துக்கொண்டது. அவர் யார் என்ற கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

1957 ஆகஸ்டு 31 அன்றோ அதற்குப் பிறகோ இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி குடிமகன். 1962இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன்னால் பிறந்தவர்கள் விண்ணப்பித்துப் பதிய வேண்டும். முதல் ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்வுகூடத் தளர்த்தப்பட்டிருந்தது. ஒரு வருடம் என்பது பட்டணத்தில் பத்திரிகை வாசிப்பவருக்கு நீண்ட காலம். விடியுமுன் பால்மரக்காட்டுக்குப் போய், ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒருநாள் சம்பளம் போகும் ஆளுக்கு அப்படியில்லை. "யாரு வந்து சொன்னா எங்ககிட்ட?" என்று பாட்டி கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விண்ணப்பிக்கப் போனவர்களிடம் கேட்கப்பட்டது சான்று. எங்கே பிறந்தாய், எத்தனை வருடம் இங்கே இருந்தாய்? அது எழுதப்பட்டிருந்தது தோட்டத்து ஏடுகளில். அந்தக் காலத்தில்தான் தோட்டத் துண்டாடல் மும்முரமாக நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு மறுபடியும் விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வேலை போனது, லயத்து வீடு போனது என்று நாம் எழுதியிருக்கிறோம். ஏடுகள் போனதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. என் பாட்டி பிறந்த தோட்டம் மூன்று கைகள் மாறியது. மூன்றாவது முதலாளியிடம் என் அப்பா போய்ப் பழைய செக்ரோலைக் கேட்டபோது, அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்ற விதி இறுகியது. அரிசி டின்னில் சிவப்பு அட்டை வைத்திருந்தவர்கள் முதல்முறையாக அதன் நிறத்தின் பொருளைப் புரிந்துகொண்டார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அதில் இங்கேயே பிறந்து இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் உண்டு. என் பாட்டியின் தங்கை அப்படிப் போனவர்.

இதுவரை சொன்னது மறதியின் கதை. இதற்கு மறுபக்கமும் உண்டு. தவறாக எழுதப்பட்டது மட்டும் மறக்கப்படவே இல்லை.

தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுத ஒரே முறை இருந்ததில்லை. ழகரத்துக்கு 'எல்' போட்ட கிராணி உண்டு, 'இசட் எச்' போட்டவரும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, ஐசியில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு எழுத்து. அப்பா பெயருக்கு முன்னால் 'ஏ/எல்' விழுந்துவிட்டால் மகள் மகனாகிவிடுவாள். 1990 முதல் வந்த 12 இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா என்பது. சிலாங்கூருக்கு 10. ஒரு கட்டத்தில் விழுந்த பிழை அந்த எண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் வங்கி, ஆஸ்பத்திரி, ஓய்வூதியம் எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கத்தில் 'தென்னமரம்' என்றொரு தோட்டம். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோக்கோனியே அங்கேதான் போட்டார். 'மலேசி' நாவலுக்காக 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் தென்னைமரம்தான். அது கம்பெனி ஏடுகளிலும் வரைபடங்களிலும் நூறு வருடமாக அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்களின் பெயர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

2011இல் அரசு 'மைடஃப்தார்' இயக்கத்தை நடத்தியது. இந்தியச் சமூகத்தில் பத்திரமில்லாதவர்கள் முன்வந்து பதியலாம் என்றார்கள். 2017இல் அது இன்னொரு முறை பெரிய அளவில் நடந்தது. சிலருக்கு வழி பிறந்தது. வேறு சிலருக்கு அது இன்னொரு பாரம். எங்கள் பாட்டி ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினார். அதில் நான்கு வெவ்வேறு காலத்துப் பாரங்களின் நகல்கள். நான்கிலும் அதே கேள்விகள், அதே பதில்கள். ஒன்றில்கூட முந்தைய விண்ணப்பத்தைப் பற்றிய வரி இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் சேமித்துவைத்தால் போதுமா? எங்கள் பட்டியலில் பெயர் தர ஒருவர் மறுத்துவிட்டார். "நாளைக்கு இத வச்சே என்னைப் புடிச்சா?" என்று கேட்டார். 1948ஐ நினைத்தால் அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஞாபகம் வைத்திருப்பது உதவியாகவும் இருக்கும், கண்காணிப்பாகவும் இருக்கும். நான் கற்ற தொழிலில் இதற்கு ஒரு சின்ன ஒழுங்கு உண்டு. பிழையான பாரத்தைத் திருப்பும்போது, அவர் எழுதியதை அவருக்கே காட்டு. தப்பான கட்டத்தை மட்டும் சுட்டு. கடவுச்சொல்லை மட்டும் திரும்ப அச்சிடாதே. அவர் சொன்னதை வைத்திருப்பதும் அதைச் சரி என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. ஓர் அரசு அலுவலகமும் இதைச் செய்யலாம். உங்கள் விண்ணப்பம் எங்களிடம் இருக்கிறது, 30 கட்டம் சரி, இந்த ஒன்றுக்குச் சான்று வேண்டும் என்று சொல்லலாம். எங்கள் ஆட்களுக்குக் கிடைத்ததெல்லாம் காரணம் சொல்லாத ஒரு வரிப் பதில், அப்புறம் ஒரு வெற்றுப் பாரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி மறுபடி வந்தார். இந்த முறையும் எங்கோ ஒரு பிழை. ஒரே ஒரு கட்டம் சிவந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தன. பிரசவம் பார்த்தவர் என்ற கட்டத்தில் அவர் சொன்ன மருத்துவச்சியின் பெயரும் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார். நான் படித்துக் காட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் கேட்டார். "இத அப்படியே ஒரு காப்பி எடுத்துக் குடுய்யா. நீங்க வச்சிருக்கிறது இருக்கட்டும். நானும் ஒண்ணு வச்சிக்கிறேன்."

பிளாஸ்டிக் பைக்குள் அது ஐந்தாவது தாளாகப் போனது.