இருசக்கர வாகன விபத்து: ஓட்டியவர் யார் என்பது எவ்வாறு நிரூபிக்கப்படுகிறது?

ஒரே மோட்டார் சைக்கிளில் சென்ற இருவர் சாலைத் தடுப்பில் மோதுகின்றனர். ஒருவர் உயிரிழக்கிறார், மற்றவர் படுகாயமடைகிறார். நேரில் கண்டவர் எவருமில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் இத்தகைய வழக்கு வரும்போது, வாகனத்தை ஓட்டியவர் யார் என்பதே முதல் கேள்வியாகிறது.

உயிரிழந்தவர் பின்னிருக்கையில் இருந்தவர் எனில், ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்டி அவரது குடும்பத்தினர் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆவது பிரிவின்கீழ் இழப்பீடு கோரலாம். அவரே ஓட்டியவர் எனில், தமது தவறுக்காகப் பிறரிடம் இழப்பீடு கோர முடியாது. வாகன உரிமையாளரும் அவரே என்றால், 2018-இல் ரூ.15 லட்சமாக உயர்த்தப்பட்ட தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டுமே குடும்பத்துக்கு ஏதேனும் கிடைக்கும். பின்னிருக்கைப் பயணிக்கும் ஒரு தடை உண்டு: சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், அது அவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்துள்ளது.

குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் தீர்ப்பாயத்தில் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்பதே அளவுகோல் என, ஹிமாச்சல் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் தெளிவுபடுத்தியது.

முதல் தகவல் அறிக்கையையே பலரும் பெரிதாக நம்புகின்றனர். ஆனால் அதற்கான புகாரைச் சம்பவ இடத்தில் இல்லாத உறவினர் அளித்திருக்கவும் கூடும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு அதைவிட வலுவானது. இழப்பீடு பற்றிய எண்ணம் எவருக்கும் எழுமுன் பெரும்பாலும் அது எழுதப்பட்டுவிடுகிறது. எனினும் அழைத்து வந்தவர் கூறியதே அதில் பதிவாகிறது என்பதால், அவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்கில் மோதியதால் ஏற்படும் இடுப்பெலும்புக் காயம், கைப்பிடியைப் பற்றியிருந்த கைகளின் காயம் ஆகியவை ஓட்டியவரைச் சுட்டக்கூடும். கண்காணிப்பு கேமரா பதிவுகள் அழியுமுன் பெறப்பட வேண்டும். வாகனத்தை ஓட்டியவர் குறித்த தகவலைக் காவல்துறை கேட்டால் அளிப்பது, 133-ஆவது பிரிவின்படி உரிமையாளரின் கடமை.

ஓட்டியவர் பெயர் பின்னர் மாற்றப்பட்டதாகக் கூறும் காப்பீட்டு நிறுவனமே அதை நிரூபிக்க வேண்டும். உயிர் பிழைத்தவர் சாட்சிக் கூண்டேறத் தவிர்த்தால், அது அவர் சார்ந்த தரப்புக்குப் பாதகமாகக் கருதப்படலாம்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 164-ஆவது பிரிவு, கவனக்குறைவை நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் பெற வழிசெய்கிறது. ஆயினும் இதற்கு முன்னிருந்த 163-ஏ பிரிவின்கீழ், இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், ஓட்டியவர் யார் என்ற கேள்வி இங்கும் எழுகிறது.