நாவல் பழச்சாறு சுகரைக் குறைக்குமா?

ஆனி, ஆடி மாதங்களில் புதுக்கோட்டை, அறந்தாங்கி கடைத்தெருக்களில் நாவல் பழம் வந்துவிடும். "சுகருக்கு நல்லது" என்று நம் வீடுகளில் சாறு எடுத்துக் குடிக்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு?

நாவலின் கருநீல நிறத்திற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் பாலிபினால். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை இத்தகைய பொருட்கள் மட்டுப்படுத்துவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் மனிதர்களின் நிலை வேறு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு புளூபெர்ரி, ஆரோனியா போன்ற பழச்சாறுகளைக் கொடுத்து வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சில வாரங்களே நீடித்தவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை தேவை.

எனவே கவனிக்க வேண்டியவை:

• சாற்றை வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும். பழமாகவே சாப்பிடுங்கள்.
• சீனி, சர்பத் சேர்த்தால் நோக்கமே கெட்டுவிடும்.
• சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொட்டைப் பொடி சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம்.

நாவல் நல்ல பழம்தான். ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. விருந்தில் அளவும், தினசரி நடையும்தான் முதல் வைத்தியம்.