லோபனோவ்ஸ்கி நினைவுப் போட்டி: ஒரு வரலாற்று நோக்கு

மறைந்தோர் நினைவை நிலைபெறச் செய்தற்கு மக்கள் கையாண்டு வந்த வழிகள் பலவாகும். கல் நிறுத்தலும், சிலை எடுத்தலும், கட்டடங்கட்குப் பெயர் சூட்டலும் அவற்றுட் சில. விளையாட்டு உலகில் இவற்றோடு மற்றொரு வழியும் உண்டு. மறைந்தவர் பெயரால் ஒரு போட்டியை நிறுவி நடத்துதலே அது. சிலை ஒருவரது வடிவைக் காப்பது. போட்டியோ அவர் செய்த தொழிலையே மீண்டும் மீண்டும் செய்விப்பது. உக்ரேன் நாட்டுக் கால்பந்தாட்டப் பயிற்றுநர் வலேரி லோபனோவ்ஸ்கியின் பெயரால் அந்நாட்டில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டி இவ்வகையினது. முதியோர் ஆடிய அப்போட்டி பின்னர் இளைஞர் போட்டியாக மாறிற்று. அம்மாற்றம் அவர்தம் வாழ்க்கைப் பணிக்கு எத்துணைப் பொருந்துவது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் பணியும்

லோபனோவ்ஸ்கி 1939-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் கீவ் நகரிற் பிறந்தார். அந்நகரின் டைனமோ கழகத்தில் இடப்புற முன்னணி ஆட்டக்காரராக விளங்கினார். மூலையினின்று அவர் உதைக்கும் பந்து வளைந்து இலக்கினுட் புகுதல் அக்காலத்தார் வியந்து பேசிய ஒன்று. 1961-இல் டைனமோ கழகம் சோவியத்து வாகைப் பட்டத்தை வென்றது. மாஸ்கோ நகர்க்கு அப்பாற்பட்ட கழகமொன்று அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை; அவ்வணியில் அவரும் இருந்தார். பின்னர்ப் பயிற்றுநர் விக்டர் மாஸ்லோவ் வகுத்த ஆட்டமுறையோடு ஒத்துப்போகாது 1964-இற் கழகத்தினின்று நீங்கினார். ஒருவர் வகுத்த ஒழுங்கிற்கு அடங்காது விலகியவரே பிற்காலத்தில் அதனினும் கடுமையான ஒழுங்கொன்றை வகுத்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1969-இல் தினிப்ரோ கழகத்தின் பயிற்றுநரானார். அங்கு அனத்தோலி செலென்த்சோவ் என்னும் அறிவியலாரின் துணை அவர்க்குக் கிட்டியது. ஆட்டக்காரரின் ஓட்டம், உழைப்பு, இளைப்பு ஆகியவற்றை எண்ணால் அளந்து, அவ்வளவைக்கேற்பப் பயிற்சியை வகுக்கும் முறை இக்கூட்டுறவாற் பிறந்தது. தனி ஆட்டக்காரரின் திறனினும் அணி ஒரே உடலென இயங்குதலே முதன்மையானது என்பது அதன் அடிப்படை.

1973-இல் டைனமோ கழகத்திற்கு மீண்டார். 1975-இல் அக்கழகம் பேசல் நகரில் ஹங்கேரியின் பெரென்ஸ்வாரோஸ் அணியை 3-0 என வென்று ஐரோப்பியக் கோப்பை வாகையர் கோப்பையைப் பெற்றது. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற முதற் சோவியத்துக் கழகம் அதுவேயாம். 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்து ஆறு நாட்களே கழிந்த நிலையில், லியோன் நகரில் மாட்ரிட்டின் அத்லெத்திக்கோ அணியை 3-0 என வென்று அக்கோப்பையை மீண்டும் கைக்கொண்டது. 1988-இல் அவர் பயிற்றுவித்த சோவியத்து நாட்டணி ஐரோப்பிய வாகைப் போட்டியின் இறுதியாட்டத்தில் நெதர்லாந்திடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. சோவியத்து வாகைப் பட்டங்கள் எட்டும், உக்ரேன் வாகைப் பட்டங்கள் ஐந்தும் அவர் பயிற்சியிற் கிடைத்தன. 2002-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், சப்போரிசியா நகரில் தம் அணியின் ஆட்டத்தின்போது நோயுற்று, மே 13-ஆம் நாள் காலமானார். அவ்வாண்டே உக்ரேன் அரசு 'உக்ரேன் வீரர்' என்னும் பட்டத்தை அவர்க்கு வழங்கியது. டைனமோ விளையாட்டரங்கம் அவர் பெயர் தாங்கியது. 2003-இல், பயிற்றுநர் இருக்கையில் அவர் அமர்ந்திருக்கும் கோலத்திற் சிலையொன்று அதன்முன் நிறுவப்பட்டது.

போட்டியும் அதன் மாற்றமும்

அவர் பெயராலமைந்த போட்டி முதலில் நாடுகளின் முதன்மை அணிகளுக்கு உரியதாயிருந்தது. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் கீவ் நகரில் நடந்த போட்டியில் உக்ரேன், போலந்து, இசுரேல், செர்பியா–மாண்டினீக்ரோ ஆகிய நாட்டணிகள் கலந்துகொண்டன. 2006 முதல் அது 21 அகவைக்குட்பட்டோர் போட்டியாயிற்று.

இம்மாற்றத்தைத் தாழ்வெனக் கருதுவார் உளராகலாம். முதன்மை அணிகள் நீங்கின், காண்போர் தொகையும் புகழும் குறைதல் இயல்பே. ஆயினும், லோபனோவ்ஸ்கியின் பணியை நுணுகி நோக்குவார்க்கு இது வேறாகத் தோன்றும். வந்து சேர்ந்த பெயர்பெற்றோரைக் கொண்டு வென்றவரல்லர் அவர். இளையோரை ஆக்கி வென்றவர். 1975-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓலெக் பிளோகின் அப்போது 23 அகவையினர். 1997-இற் பார்சிலோனாவை அதன் அரங்கிலேயே 4-0 எனத் தோற்கடித்த ஆட்டத்தில் மூன்று இலக்குகள் எய்திய அந்திரி செவ்சென்கோவிற்கு அகவை 21. ஆதலின், இளைஞர்க்குரிய களத்தில் அவர் பெயர் நிற்பதே பொருத்தமுடைத்து.

2006-ஆம் ஆண்டு பிறிதொன்றையும் காட்டுகின்றது. அவ்வாண்டு போர்ச்சுகலில் நடந்த 21 அகவைக்குட்பட்டோர் ஐரோப்பிய வாகைப் போட்டியில் உக்ரேன் இறுதியாட்டம் வரை சென்றது. அவ்வணியின் பயிற்றுநர் ஓலெக்சி மிகைலிச்சென்கோ. அவ்வாண்டே உலகக் கோப்பையிற் காலிறுதி எய்திய முதன்மை அணியின் பயிற்றுநர் பிளோகின். இருவரும் லோபனோவ்ஸ்கியின் மாணாக்கர். நினைவுப் போட்டியே இவ்வெற்றிகட்குக் காரணம் எனல் பொருந்தாது. மாணாக்கர் வழியாகச் சென்ற பயிற்சி மரபொன்று நிலவியது என்பதும், போட்டி அம்மரபின் வெளிப்பாடுகளுள் ஒன்று என்பதுமே இவற்றாற் பெறப்படும்.

ஐயங்கள் இரண்டு

இவ்விடத்து இரண்டு ஐயங்கள் எழும். இளையோர்க்கு முன்மாதிரியாக நிறுத்தத்தக்கதோ அவர் முறை என்பது முதலாவது. 1976-இற் கழகமும் நாட்டணியும் ஒன்றேயாகி, ஓய்வின்றி உழைக்க நேர்ந்தபோது ஆட்டக்காரர் தளர்ந்தனர். மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மூன்றாமிடமே கிட்டியது. கடும்பயிற்சிக்கு எதிராக ஆட்டக்காரரே கிளர்ந்தெழுந்தனர். உடலை அளக்கும் அறிவியல் மனத்தின் அயர்வை அளந்திலது. இக்குறையை மறைத்து அவரைப் போற்றுதல் வரலாற்றுக்கு ஏலாது.

அவர் சோவியத்து நாட்டிற்குரியரோ, உக்ரேனுக்குரியரோ என்பது இரண்டாவது. அவர்தம் பெருவெற்றிகளுட் பல சோவியத்துக் கொடியின்கீழ் நிகழ்ந்தவை. 1991-இல் விடுதலை பெற்ற நாடு தனக்கென முன்னோரை நாடுதல் இயல்பு. அவர் பெயராலமைந்த போட்டியில் இளைஞர் 'உக்ரேன்' என்னும் பெயர் தாங்கியே களம் புகுந்தனர். அரசியல் உரையாற் செய்யவியலாத உரிமை நாட்டலை ஆட்டம் அமைதியாகச் செய்தது எனலாம்.

முடிவுரை

சிலைக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திற் குறித்தோம். 2022-ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரசியா தொடுத்த முழுப்போர் அவ்வேறுபாட்டின் மறுபுறத்தைக் காட்டிற்று. சிலை நிற்பதற்கு விருந்தினர் வேண்டா. பன்னாட்டுப் போட்டிக்கோ அண்டை நாட்டார் அஞ்சாது வந்து செல்லும் அமைதி வேண்டும். உள்நாட்டு ஆட்டத்தொடர் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் காண்போரின்றி மீண்டும் தொடங்கியது. நாட்டணிகள் தமக்குரிய ஆட்டங்களையும் அயல்நாட்டு அரங்குகளில் ஆடின. அந்நிலையிலும் 2023-இல் 21 அகவைக்குட்பட்டோர் அணி ஐரோப்பிய வாகைப் போட்டியின் அரையிறுதியை எட்டியது. அதன்வழி 2024-ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கில் உக்ரேன் ஆடவர் கால்பந்தணி முதன்முறையாக இடம்பெற்றது.

ஆகவே, ஒரு பயிற்றுநரின் நினைவு அவர்தம் தொழிலைக் கற்ற இளைஞரிடத்தே நெடிது வாழும் என்பதும், 2006-இல் நிகழ்ந்த மாற்றம் போட்டியை அதன் பெயர்க்குரியார் பணியோடு நெருங்கச் செய்தது என்பதும், அத்தகைய நினைவு அமைதியைச் சார்ந்தே நிற்பது என்பதும் இவ்வாராய்ச்சியாற் போதரும்.